முப்பது வயதிலும் பக்கவாதமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட். மணி இரண்டரை. 34 வயதுத் தொழிலாளி ஒருவர் டீ கிளாஸை எடுக்கிறார். வலக்கை அதைப் பற்றவில்லை. கிளாஸ் நழுவிக் கீழே விழுகிறது. "என்ன அண்ணே, தூக்கமா?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்கிறார். பதில் சொல்ல வாய் திறந்தால் சொல் குழறுகிறது. உதட்டின் ஒரு பக்கம் சற்றே தொங்கியிருக்கிறது.

நண்பர்கள் அவரைத் தாங்கிப் பிடித்து ஓர் ஓரமாகப் படுக்க வைக்கிறார்கள். "முப்பத்து நாலு வயசு ஆளுக்கு என்ன வந்துடப் போகுது? ராத்திரி கண் முழிச்ச அசதிதான். கொஞ்சம் படுத்தா சரியாப் போயிடும்" என்கிறார் ஒருவர். காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும்போது அவரை எழுப்புகிறார்கள். வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. பேச்சும் நின்றுவிட்டது.

இது நாம் கற்பனை செய்துகொண்ட காட்சிதான். ஆயினும் இதில் உள்ள ஒரு வாக்கியம் கற்பனையன்று. "இந்த வயதில் என்ன வந்துவிடப் போகிறது?" என்ற அந்த வாக்கியத்தை ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் மட்டுமல்ல, எந்த ஊரிலும் கேட்கலாம். அதை நம்பிப் படுக்க வைத்த மூன்றரை மணி நேரத்தில்தான் அந்தத் தொழிலாளியின் மூளையில் மீட்க முடியாத சேதம் நடந்து முடிந்தது.

பக்கவாதம் முதியோரின் நோய் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். அது பாதி உண்மையே. இளைஞர்களுக்கும் அது வருகிறது. முதியோருக்கு அரிதாக உள்ள சில காரணங்களாலும் வருகிறது. அக்காரணங்களுள் பலவற்றை முன்கூட்டியே கண்டறியவும் தடுக்கவும் முடியும். அவை எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூளைக்குச் செல்லும் நான்கு குழாய்கள்

நம் மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். உடல் எடையில் இது நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் இரத்தம் மூளைக்குள் பாய்கிறது. தசைகளைப் போல உணவைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வசதி மூளைக்குக் கிடையாது. அதற்கு நிமிடத்திற்கு நிமிடம் புது இரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த இரத்தத்தைக் கொண்டு செல்பவை நான்கு தமனிகள். கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு. பின்பக்கத்தில் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மேலேறிச் செல்பவை இரண்டு. மூளையின் அடிப்பாகத்தில் இவை ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையம் போல அமைகின்றன. இந்த அமைப்பை 1664-இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் விளக்கினார். அவர் பெயராலேயே அது இன்றும் 'வில்லிஸ் வளையம்' எனப்படுகிறது.

பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குழாய் வழியே குடிநீர் செல்வதை அறிவீர்கள். அக்குழாயில் இரண்டு வகையான கோளாறு நேரலாம். ஒன்று, குழாய் அடைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, குழாய் வெடிக்கலாம். இரண்டிலுமே நகரின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் கிடைக்காது. மூளையிலும் இப்படியே. தமனி அடைபட்டால் ஒரு பகுதி மூளை இரத்தமின்றி வாடுகிறது. தமனி வெடித்தால் இரத்தம் மூளைத் திசுவினுள் கசிந்து அதை நசுக்குகிறது. பக்கவாத நோயாளிகள் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு அடைப்பே காரணம்; மற்றவர்களுக்குக் கசிவு.

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. வலப்பாதி இடப்பக்கத்தை இயக்குகிறது. பேச்சுக்குரிய பகுதி பெரும்பாலோருக்கு இடப்பாதியில் உள்ளது. நம் தொழிலாளிக்கு வலக்கையும் பேச்சும் ஒருசேரப் போனதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். அவருடைய மூளையின் இடப்பாதியில் ஒரு தமனி அடைபட்டுவிட்டது.

'பாரிசவாயு' என்று நம் மூத்தோர் இந்நோயைக் குறிப்பிட்டார்கள். உடலின் ஒரு பக்கத்தில் வாயு புகுந்துவிட்டது என்பது பழைய கருத்து. கையிலோ காலிலோ எந்தக் கோளாறும் இல்லை; கோளாறு மூளையின் இரத்தக் குழாயில் என்பதே உண்மை. எனவே, கையில் தைலம் தேய்ப்பதாலோ, சிலர் செய்வது போலப் புறா இரத்தத்தைப் பூசுவதாலோ அடைப்பு நீங்காது. அதில் கழியும் நேரம் மட்டுமே வீணாகும்.

முதுமையின் நோய்தானா?

உலக பக்கவாத அமைப்பின் கணக்குப்படி, உலகில் ஆண்டுதோறும் ஏற்படும் பக்கவாதங்களில் நூற்றுக்குப் பதினாறு 15 முதல் 49 வயதுக்குட்பட்டோருக்கு வருகின்றன. அதாவது, ஏறத்தாழ ஆறில் ஒன்று.

தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பயணம் செய்தால் வேலூரை அடையலாம். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் ஜேக்கப் ஆபிரகாமும் அவருடைய குழுவினரும் 1960-களின் இறுதியில் வேலூர்ப் பகுதி மக்களிடையே பக்கவாதம் எவ்வளவு உள்ளது என்று கணக்கெடுத்தார்கள். அந்த ஆய்வின் முடிவு 1970-இல் 'ஸ்ட்ரோக்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே, 1971-இல், அதே இதழில் அவர்கள் எழுதிய இன்னொரு கட்டுரையின் பொருள் 'இளையோரின் பக்கவாதம்' என்பதாகும். அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் மண்ணில் இது தனியே ஆராயத்தக்க சிக்கலாக இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அறுபது வயதுக்காரர் ஒருவர் பக்கவாதத்துடன் வந்தால், காரணம் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தடித்துச் சுருங்கிய தமனியாகவோ தாறுமாறாகத் துடிக்கும் இதயமாகவோ இருக்கும். முப்பது வயதுக்காரர் வந்தால் மருத்துவர் ஒரு துப்பறிவாளரைப் போலப் பல திசைகளிலும் தேட வேண்டியிருக்கிறது. அவர் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: இரத்த அழுத்தம் எவ்வளவு?

இளைஞர்களுக்கு மட்டுமே உரிய காரணங்களைத் தேடும் முன், எல்லா வயதினருக்கும் பொதுவான காரணங்களைத்தான் மருத்துவர் முதலில் பார்ப்பார். ஏனெனில் அவை இப்போது முப்பது வயதிலேயே தோன்றிவிடுகின்றன.

இந்தியா உட்பட 22 நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு, பக்கவாத ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பத்தே காரணிகள் பொறுப்பு என்று காட்டியது. மிகை இரத்த அழுத்தம், புகைபிடித்தல், பருத்த வயிறு, தவறான உணவு, உடலுழைப்பின்மை, நீரிழிவு, மது, மனஅழுத்தம், இதயநோய், இரத்தக் கொழுப்புக் கோளாறு ஆகியவையே அவை. இவற்றுள் முதலிடம் மிகை இரத்த அழுத்தத்திற்கு.

இரத்த அழுத்தம் மிகுந்திருந்தால் வலி இராது. தலைசுற்றலும் பெரும்பாலும் இராது. நோயாளி நன்றாகவே இருப்பார். ஆனால் மூளையின் ஆழத்தில் உள்ள மெல்லிய தமனிகள் அந்த அழுத்தத்தை நாள்தோறும் தாங்கித் தாங்கி நைந்து போகின்றன. ஒருநாள் அவை அடைபடுகின்றன; அல்லது வெடிக்கின்றன.

தமிழ்நாட்டில் 2020-இல் 18 முதல் 69 வயதுக்குட்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், மூவரில் ஒருவருக்கு மிகை இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. அவர்களுள் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே. நீங்கள் பயணம் செய்யும் ஆவடி மின்ரயில் பெட்டியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எதிரே அமர்ந்திருக்கும் மூவரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கலாம். அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

சிகரெட்டும் பீடியும் இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. இரத்தத் தட்டணுக்களை எளிதில் ஒட்டிக்கொள்ளச் செய்கின்றன. ஒரே நாளில் அளவுக்கு மீறிக் குடிக்கும் மது, அழுத்தத்தைத் திடீரென உயர்த்துவதுடன் இதயத்துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கக்கூடும்.

அடுத்து, வேலை நேரம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021-இல் ஒரு கணிப்பை வெளியிட்டன. வாரத்திற்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 35 சதவிகிதம் மிகுதி என்பது அதன் சாரம். நாள்தோறும் எட்டு மணி ஷிப்ட்டுடன் நான்கு மணி ஓவர்டைம் பார்ப்பவர், ஐந்து நாள்களிலேயே இந்த 55 மணியைத் தாண்டிவிடுகிறார். தொழிற்பேட்டைகள் நிறைந்த ஒரு வட்டாரத்துக்கு இது சிந்திக்க வேண்டிய செய்தி.

இரண்டாம் கேள்வி: சிறுவயதில் மூட்டுவலி வந்ததா?

பக்கவாதத்துக்கும் சிறுவயது மூட்டுவலிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். தொடர்பு இதயத்தின் வழியாக ஏற்படுகிறது.

பள்ளிப் பருவத்தில், குறிப்பாக 5 முதல் 15 வயதுக்குள், சில குழந்தைகளுக்கு 'ஸ்டிரெப்டோகாக்கஸ்' என்னும் நுண்ணுயிரால் தொண்டைப்புண் வரும். அது சரியாகிச் சில வாரங்களுக்குப் பின் காய்ச்சலும், முழங்காலில் தொடங்கிக் கணுக்கால், முழங்கை என இடம் மாறும் மூட்டுவலியும் தோன்றலாம். இதுவே கீல்வாதக் காய்ச்சல். நுண்ணுயிரை எதிர்க்க உடல் உண்டாக்கிய பொருள்கள் சொந்த இதயத்தின் வால்வுகளையே தாக்குகின்றன. மூட்டுவலி சுவடின்றி மறைந்துவிடும். வால்வில் பட்ட வடு மறையாது.

ஆண்டுகள் செல்லச் செல்ல வால்வு சுருங்குகிறது. இதயத்தின் இடது மேலறை விரிந்து, ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கத் தொடங்குகிறது. ஓடாத நீரில் பாசி படிவது போல, தேங்கிய இரத்தத்தில் கட்டி உறைகிறது. அக்கட்டியின் ஒரு துணுக்கு பிய்ந்து கழுத்துத் தமனி வழியே மூளைக்குச் சென்றால், நொடியில் அடைப்பு.

வளர்ந்த நாடுகளில் மிக அருகிவிட்ட இந்த இதயநோய், இந்தியாவில் இளையோரின் பக்கவாதத்துக்கு இன்றும் ஒரு முக்கிய காரணமாக உள்ளது. இதைத் தடுக்கும் மருந்து எளியது, விலையும் குறைவு. கீல்வாதக் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை மருத்துவர் சொல்லும் காலம் வரை விடாமல் போட்டுவர வேண்டும். "வலிதான் போய்விட்டதே" என்று பாதியில் நிறுத்துவதே பெரிய தவறு.

வேறொரு நிலையும் உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் இதய மேலறைகளுக்கிடையே ஒரு சிறு துளை உண்டு. பிறந்த பின் அது மூடிக்கொள்ளும். நால்வரில் ஒருவருக்கு அது முழுவதும் மூடாமல் இருந்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு அதனால் தீங்கு ஏதுமில்லை. ஆயினும் காலில் உறைந்த கட்டி ஒன்று அரிதாக அத்துளை வழியே இடப்பக்கம் புகுந்து மூளையை அடைவதுண்டு. வேறு காரணம் கிடைக்காத இளைஞர்களிடம் இதை மருத்துவர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

மூன்றாம் கேள்வி: கழுத்தில் அடிபட்டதா? சொடுக்கு எடுத்தீர்களா?

இளைஞர்களிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. கழுத்து திடீரெனத் திருகப்பட்டால் உள்ளடுக்கு கிழியலாம். கிழிசலுக்குள் இரத்தம் புகுந்து சுவரை இரண்டாகப் பிரிக்கும். மிதிவண்டி டயரினுள்ளே ஒட்டுப்போட்ட துண்டு பெயர்ந்து டியூபை நெருக்குவது போல இதை நினைத்துக்கொள்ளலாம். அவ்விடத்தில் பாதை குறுகுகிறது, கட்டியும் உறைகிறது. ஐம்பது வயதுக்குட்பட்டோரின் அடைப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு வரை இத்தகைய கிழிசலால் வருவதாக மேலைநாட்டு ஆய்வுகள் கூறுகின்றன.

மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்து உதறப்படுவது இதற்கு ஒரு காரணம். சில வேளைகளில் காரணம் மிகச் சிறியதாகவும் இருக்கலாம். முடிவெட்டிக்கொண்ட பின் தலையைப் பிடித்து இருபுறமும் 'சடக்' என்று திருப்பிச் சொடுக்கெடுக்கும் வழக்கம் நம் சலூன்களில் உண்டு. பலருக்கு அதில் ஒரு சுகம். மெல்லப் பிடித்துவிடுவதில் தவறில்லை. ஆனால் திடீரெனத் திருகுவது ஆபத்தானது. அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் வெகுவாகச் சாய்த்துக் கூந்தலை அலசியபின் மூளைப் பாதிப்புக்கு உள்ளான ஐந்து பெண்களைப் பற்றி 1993-இல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் வெய்ன்ட்ராப் எழுதியிருக்கிறார். இது அடிக்கடி நடப்பதன்று. ஆயினும் ஒரு நொடிச் சுகத்திற்காக இந்த ஆபத்தை நாம் ஏன் மேற்கொள்ள வேண்டும்?

கழுத்தின் ஒரு பக்கத்தில் புதிதாகக் கடும் வலி, அதே பக்கத்தில் தலைவலி, கண்ணிமை சற்றுச் சரிதல் ஆகியவை கிழிசலின் முன்னறிவிப்பாக இருக்கலாம். பக்கவாதம் சில நாள்கள் கழித்தும் வரலாம். அந்த இடைவெளியில் மருத்துவரிடம் சென்றால் அதைத் தடுக்க முடியும்.

நான்காம் கேள்வி: அண்மையில் பிரசவம் ஆனதா?

இதுவரை இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனிகளைப் பற்றிப் பேசினோம். மூளையிலிருந்து இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகளும் அடைபடலாம். வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைத்தால் நீர் எதிர்த்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே, சிரை அடைத்தால் மூளையில் அழுத்தம் ஏறி வீக்கமும் கசிவும் உண்டாகின்றன.

மதுரையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கருவுற்ற காலத்திலும் பிரசவத்திற்குப் பின்னரும் மூளை இரத்தக் குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 பெண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதினார். இந்தத் துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளுள் அது ஒன்று.

பிரசவத்தின்போது மிகுதியான இரத்தப் போக்கைத் தடுப்பதற்காக இரத்தத்தின் உறையும் தன்மை இயற்கையாகவே கூடுகிறது. பிரசவத்திற்குப் பின் ஆறு வாரம் வரை இந்நிலை நீடிக்கிறது. அப்போது உடலில் நீர் வற்றினால், அல்லது இரத்தசோகையும் கிருமித்தொற்றும் சேர்ந்துகொண்டால், ஆபத்து வளர்கிறது. "பச்சை உடம்புக்காரி, தண்ணீர் கொடுக்கக் கூடாது" என்று தாகத்தோடு வைத்திருந்த பழைய வழக்கத்தின் தீமையை இப்போது நீங்களே உணரலாம். பிரசவித்த தாய்க்கு வேண்டிய அளவு நீர் கொடுங்கள்.

சிரை அடைப்பு பெரும்பாலும் கடும் தலைவலியுடன் தொடங்குகிறது. வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு ஆகியவை தொடரலாம். பிரசவித்த பெண்ணுக்கு வலிப்பு வந்தால் "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்கச் செல்வது பெருந்தவறு. உரிய காலத்தில் உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் நன்கு குணமடைகிறார்கள்.

பிரசவம் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் உறையும் தன்மையைக் கூட்டுகின்றன. புகைபிடிப்போருக்கும், கண்முன் மின்னல்கள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி உடையோருக்கும் இவற்றால் ஆபத்து மிகுதி. திருமணம், கோயில் விசேஷம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரைகளைக் கடையில் தாமாகவே வாங்கி உட்கொண்ட பின் சிரை உறைவுக்கு ஆளானவர்களைப் பற்றியும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை மருத்துவரிடம் கேட்ட பின்னரே அவற்றை உட்கொள்வது நல்லது. ஆண்களும் இதற்கு விலக்கல்லர். மிகுந்த மதுவும் நீர் வற்றிய உடலும் ஆண்களிடம் சிரை அடைப்புடன் சேர்ந்தே காணப்படுகின்றன.

இன்னும் சில காரணங்கள்

நோய்க்கிருமிகளும் மூளையின் தமனிகளை அழற்றுவதுண்டு. காசநோய்க் கிருமி மூளையுறையைத் தாக்கும்போது அங்குள்ள தமனிகள் வீங்கி அடைபடுகின்றன. 2020-இல் கோவிட் பெருந்தொற்று பரவியபோது, நியூயார்க் நகரில் இரண்டே வாரத்தில் ஐம்பது வயதுக்குட்பட்ட ஐவருக்குப் பெரிய தமனிகளில் அடைப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் அறிவித்தார்கள்.

இளம்பெண்களிடையே காணப்படும் ஒரு நோயில், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழன்று குறுகுகின்றன. 1908-இல் ஜப்பானிய மருத்துவர் தகயாசு இதை விவரித்தார். ஒரு கையில் நாடித்துடிப்பு மிக மெலிந்திருப்பது இதன் அடையாளங்களுள் ஒன்று. மருத்துவர் இரு கைகளிலும் நாடி பார்ப்பதன் பொருள் இதுவே.

வைட்டமின் பி 12 குறைந்தால் 'ஹோமோசிஸ்டின்' என்னும் பொருள் இரத்தத்தில் கூடி, உறைவுக்குத் துணை செய்கிறது. பாலும் முட்டையும் இறைச்சியும் குறைவாக உண்போர் இதைக் கவனிக்க வேண்டும். வயலில் கண்ணாடி விரியன் தீண்டியவர்களுக்குப் பக்கவாதம் வந்த நிகழ்ச்சிகள் இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவாகியுள்ளன. அதன் நஞ்சு இரத்தத்தின் உறையும் ஒழுங்கையே குலைத்துவிடுகிறது. பிறவியிலேயே சிக்கலாகப் பின்னிய இரத்தக் குழாய்களும், தமனிச் சுவரில் பலூன் போலப் புடைத்த இடங்களும் இளம் வயதில் வெடித்துக் கசியலாம். "வாழ்நாளில் இப்படி ஒரு தலைவலி வந்ததில்லை" என்று சொல்லத்தக்க தலைவலி திடீரென வந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

எல்லாச் சோதனைகளும் செய்த பின்னும் காரணம் பிடிபடாத இளைஞர்களும் கணிசமாக உள்ளனர். ஆனால் காரணம் தெரியும் வரை சிகிச்சை காத்திருப்பதில்லை.

ஒரு நிமிடத்தின் விலை

பெரிய தமனி ஒன்று அடைபட்டால், நிமிடத்திற்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். நரம்பணு மடிந்தால் மடிந்ததுதான். ஆனால் மடிந்த பகுதியைச் சுற்றி, அரைகுறை இரத்தத்தில் உயிரோடு போராடும் ஒரு பகுதி உண்டு. அதைக் காப்பாற்றுவதே சிகிச்சையின் நோக்கம்.

கட்டியைக் கரைக்கும் 'ஆல்டிபிளேஸ்' மருந்தின் பயன் 1995-இல் மெய்ப்பிக்கப்பட்டது. முதலில் மூன்று மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. 2008-இல் வந்த ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையில் சிக்கிய கட்டியைப் பிடித்து இழுத்தெடுக்கும் முறை 2015-க்குப் பின் நிலைபெற்றது. தேர்ந்தெடுத்த சிலருக்கு இதை 24 மணி நேரம் வரையிலும் செய்ய முடிகிறது. எனினும் எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்மை.

நம் தொழிலாளிக்கு இரண்டரை மணிக்கு நோய் கண்டது. ஏழு மணிக்குள் அவருக்கு ஊசி போட்டிருக்கலாம். ஆறு மணிக்கு அவரை எழுப்பி, வண்டி பிடித்து, மருத்துவமனையை அடைந்து, ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். இரண்டரை மணிக்கே 108-ஐ அழைத்திருந்தால் கதையே வேறு.

ஆகவே இந்த மூன்று சோதனைகளையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள்: ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? ஓர் எளிய வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள்: பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். திடீரென ஒரு கண் பார்வை மறைவதும், நடை தள்ளாடுவதும் இதே ஐயத்தை எழுப்ப வேண்டும்.

நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லுங்கள். வழியில் சோடா, காபி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருந்தால் அது மூச்சுக்குழாயில் புகும். ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பின்னரே தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் தீங்கு செய்யும்.

அறிகுறிகள் பத்து நிமிடத்தில் தாமாகவே மறைந்துவிட்டாலோ? அப்போதும் செல்ல வேண்டும். அது பெரிய அடைப்புக்கு முன் வரும் எச்சரிக்கை. அடுத்த சில நாள்களிலேயே முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வருகிறது. 2024-இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தொழிற்சாலைகளுக்குச் சென்று சோதிக்கும் நோக்கம் கொண்டது. உங்கள் பட்டறைக்கு அது வரும்போது, "எனக்கென்ன, நான் சின்ன வயசு" என்று ஒதுங்காதீர்கள். கையை நீட்டுங்கள், இரண்டே நிமிடம்தான்.

இளைஞர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் அவர் ஒருவர் மட்டும் படுத்துவிடுவதில்லை. அவருடைய சம்பளத்தை நம்பியிருக்கும் பெற்றோர், பள்ளி செல்லும் பிள்ளைகள் என ஒரு குடும்பமே தடுமாறுகிறது. முதியவர் இந்நோயோடு வாழ வேண்டிய ஆண்டுகள் குறைவு. இளைஞருக்கோ அவை முப்பது, நாற்பது ஆண்டுகள். நல்ல வேளையாக, இளம் மூளைக்குப் புதிய வழிகளைக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் அதிகம். உடற்பயிற்சி மருத்துவத்தைப் பொறுமையாகத் தொடர்வோர் பலர் மீண்டும் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

அடுத்த முறை உங்களருகில் ஒருவர் கையிலிருந்து டீ கிளாஸ் காரணமின்றி நழுவி விழுந்தால், அவருடைய வயதைக் கணக்கிட்டுக்கொண்டிராதீர்கள். அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள், கையை நீட்டச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள்.